ஓடுகிற ஆஸ்பத்திரிக்குள் புதுக் கட்டடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஏதாவது ஒரு மூலையில் பச்சை வலை கட்டி வேலை நடந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் ஆஸ்பத்திரித் தரப்பில் நின்று, காண்ட்ராக்டருக்கும் வார்டுக்கும் நடுவே அல்லாடுவதுதான் என் பிழைப்பு. துணைக்கு இருப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், நர்சுகள், நன்கொடை தந்தவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஒரு ஆறு மாசம் ஆஸ்பத்திரிய மூடிப்போட்டு வேலையை முடிச்சா என்ன சாரே?

கட்டுகிறவர்களுக்கு அதைவிடச் சுகமான ஏற்பாடு வேறு இல்லை. ஆனால் டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை வருகிறவரிடம் ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்ல முடியாது. பிரசவ வலி பூமி பூஜை தேதி பார்த்து வராது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியை மூடினால் அந்தக் கூட்டம் மொத்தமும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜின் தலையில் போய் விழும். அதற்கும் மேல் என்றால் திருவனந்தபுரம், இல்லாவிட்டால் திருநெல்வேலி. இரண்டுமே அவசரத்துக்கு ஓடுகிற தூரம் இல்லை.

ஆகவே பழையது ஓட ஓடத்தான் புதியது எழும்ப வேண்டும். இதில் கட்டடம் கட்டுவது பாதி வேலைதான். கட்டும்போது பழைய வார்டைக் கெடுக்காமல் வைத்திருப்பது மீதிப் பாதி. காலதாமதம், கூடுதல் செலவு, விசித்திரமான வேலை நேரம் என்று ஜனங்கள் கோபப்படுகிற பல விஷயங்கள் இந்த இரண்டாவது பாதியிலிருந்துதான் வருகின்றன.

அப்போ ஊருக்கு வெளிய புதுசா நிலம் வாங்கிக் கட்ட வேண்டியதுதானே?

சில நேரம் அதுவே சரி. ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் ஆஸ்பத்திரிக்கென்று விசாலமான வளாகம் முன்பே இருந்தது. 2001-ல் மெடிக்கல் காலேஜ் வந்தபோது அந்த இடம் கைகொடுத்தது. எல்லா ஊரிலும் அப்படி அமையாது. தனியாக ஒரு பிளாக்கை வெளியே கொண்டுபோனால் ரத்த வங்கி, லேப், ஆக்சிஜன், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் இரண்டிரண்டு வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு ரத்தப்போக்கோடு கிடக்கிற தாய்க்கு ரத்தம் இன்னொரு வளாகத்திலிருந்து வர வேண்டும் என்றால் அது நல்ல திட்டம் இல்லை.

இன்னொன்று, நம் மாவட்டத்தில் சும்மா கிடக்கிற நிலம் என்று காட்டுவதில் பாதி வயல். மண் நிரப்பி மேடாக்கலாம், ஆனால் அஸ்திவாரச் செலவு ஏறும், மழைக்குத் தண்ணீரும் தன் பழைய வழியைத் தேடி வரும்.

குழி தோண்டவே மாசக்கணக்கு ஆகுதே, அதுவரைக்கும் என்னத்தைப் பார்க்கிறாங்க?

பூமிக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்கிறார்கள். நம் ஊர்ப் பழைய ஆஸ்பத்திரிகள் ஒரே திட்டத்தில் எழும்பியவை அல்ல. நெய்யூரில் 1838-ல் ராம்சே என்ற டாக்டர் தொடங்கிய மருத்துவப் பணி பிறகு தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் அங்கே சர்ஜனாக இருந்தது எல்லாருக்கும் தெரியும். பழைய வளாகம் எதுவானாலும், கட்டடம் சேரச் சேர அதற்குத் தக்கபடி குழாயும் கேபிளும் சேர்ந்துகொண்டே போகும். எது எங்கே ஓடுகிறது என்று முழு வரைபடம் கையில் இருக்கிற வளாகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பிளம்பர் அண்ணாச்சியின் ஞாபகத்தில்தான் வரைபடம் இருக்கும்.

அதனால் ஜேசிபி வருவதற்கு முன்னால் மண்வெட்டியும் கையுமாக ஆங்காங்கே சோதனைக் குழி வெட்டுவார்கள். ஒரு குழியில் பழைய களிமண் குழாய் வரும், இன்னொன்றில் செங்கல் அடுக்கி மூடிய கேபிள் வரும், அதற்கு உயிர் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே அடுத்த வெட்டு. கூடவே மண் பரிசோதனை, திட்ட அனுமதி, தீயணைப்புத் துறையிடம் வரைபட ஒப்புதல் எல்லாம் நடக்கும்.

முதல்ல எதை இடிப்பாங்க?

முடிந்தவரை எதையும் இல்லை. முதலில் காலி மனையில் ஒன்றைக் கட்டி, பழைய வார்டில் இருப்பவர்களை அங்கே மாற்றி, அப்புறம்தான் பழையதை இடிப்பார்கள். இடம் போதாமல் முதலில் காலி செய்யப்படுவது பைக் ஸ்டாண்டு, கேண்டீன், பழைய குவார்ட்டர்ஸ். அதிகச் சண்டை வருவதும் பைக் ஸ்டாண்டுக்குத்தான். ஆபரேஷன் தியேட்டரை இடம் மாற்றும்போதுகூட இவ்வளவு புகார் வந்ததில்லை.

தூசிக்கு எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்? ரோட்டுல இல்லாத தூசியா?

ரோட்டில் நடக்கிற ஆரோக்கியமான ஆளுக்குப் பெரிய பிரச்சினை இல்லை. இடிக்கும்போதும் மண் கிளறும்போதும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் ஏறும். ஒரு வித்து 2 முதல் 3 மைக்ரான்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் மிதக்கும். நீங்களும் நானும் தினமும் அதைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம், உடம்பு சமாளித்துவிடுகிறது. கீமோதெரபியில் வெள்ளை அணுக்கள் இறங்கிக் கிடப்பவர், ரத்தப் புற்றுநோய்க்காரர், சிறுநீரகம் மாற்றியவர், நாள்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோரின் நுரையீரலில் அது வேர்விட்டால் உயிருக்கே ஆபத்து.

நம் ஊரில் இதை இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பழைய சுவர்களில் மழை ஈரம் ஊறிப் பூஞ்சை படிந்திருக்கும். பொய்க்கூரைக்கு மேலே ஏசி தண்ணீர் சொட்டிய இடத்தில் கறுப்பாகப் பிடித்திருக்கும். அந்தப் பலகை ஒன்றைக் கழற்றினாலே போதும், ஒரு வார்டுக்கு வேண்டிய வித்து விழும். அதனால்தான் ஒரு ஒயர் இழுக்கக்கூடத் தொற்றுத் தடுப்பு நர்சிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறோம். வேலை எவ்வளவு தூசி கிளப்பும், பக்கத்தில் இருக்கிற நோயாளி எவ்வளவு பலவீனமானவர் என்ற இரண்டையும் வைத்துத்தான் தடுப்பு எவ்வளவு என்று முடிவாகும். வெளிநோயாளிப் பிரிவில் ஆணி அடிப்பதும் ஐசியு பக்கம் சுவர் உடைப்பதும் ஒன்றல்ல.

அதான் ஷீட் கட்டி மறைச்சாச்சே, போதாதா?

தார்ப்பாய் கட்டுவது பார்வைக்குத்தான். தடுப்பு, தரையிலிருந்து பொய்க்கூரை வரை இருந்தால் போதாது. பொய்க்கூரையையும் தாண்டி மேல் கான்கிரீட் தட்டு வரை போய் ஓரமெல்லாம் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தூசி கூரைக்கு மேலாகவே அடுத்த வார்டுக்குப் போய்விடும். தடுப்புக்கு உள்ளே ஒரு விசிறி வைத்துக் காற்றை வெளியே இழுக்க வேண்டும். அப்போதுதான் வார்டுக் காற்று வேலையிடத்துக்குள் போகுமே தவிர, அங்கிருந்து இங்கே வராது. இழுக்கிற காற்றை வார்டு ஜன்னல் பக்கம் விட வேண்டியிருந்தால் ஹெப்பா ஃபில்டர் வழியாக விட வேண்டும். 0.3 மைக்ரான் துகளில்கூட 99.97 சதவீதத்தை அது பிடிக்கும்.

சோதிக்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். தடுப்புக் கதவை ஒரு விரல் அளவு திறந்து பேப்பரைப் பிடித்தால் அது வேலையிடத்தை நோக்கிச் சாய வேண்டும். நம்மை நோக்கி ஆடினால் வேலையை நிறுத்தச் சொல்லலாம். காலையில் டியூட்டிக்கு வரும் சிஸ்டர் தினமும் பார்த்து எழுதி வைப்பது நல்ல பழக்கம். வாசலில் ஒட்டுப் பாய், டைல் வெட்டும்போது தண்ணீர், கட்டடக் கழிவை மூடிய டிராலியில் தனி வழியாகக் கொண்டுபோவது எல்லாம் இதோடு சேர்ந்தவை.

வெளியே நடக்கிற வேலைக்குக் காற்று திசையும் முக்கியம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி மேற்கிலிருந்து அடிக்கிற காற்று எப்படியிருக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தால் தெரியும். அந்த மாதங்களில் வார்டுக்கு மேற்குப் பக்கம் இடிப்பு வேலை வைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

பகல்ல சும்மா இருக்காங்க, ராத்திரி ஆனா மெஷின் ஓடுது. இது என்ன நியாயம்?

சட்டப்படி ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் பகலுக்கு 50 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 40 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. உண்மையைச் சொன்னால் கட்டட வேலை நடக்கிற பக்கத்தில் இந்த அளவைக் காப்பது பெரிய பாடு. அதனால் உடைப்பு, துளையிடல் போன்றவற்றை வார்டோடு பேசி நேரம் பிரித்துக்கொள்கிறோம். மைக்ரோஸ்கோப் வைத்துக் கண் ஆபரேஷன் நடக்கும்போது அடுத்த சுவரில் டிரில் அதிரக் கூடாது. பச்சிளம் குழந்தைகள் பிரிவுக்கு மதியம் தூக்க நேரம் உண்டு. பகலில் ஆட்கள் சும்மா நிற்பதாகத் தெரிவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புதான்.

ராத்திரி ஓடுவதற்கு ஒரே நியாயமான காரணம் வார்ப்பு. கான்கிரீட் தட்டு வார்க்கத் தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அந்த இணைப்பில் பலம் குறையும், பிறகு ஒழுகும். வார்ப்பு நாளை முன்கூட்டியே நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒட்டாமல் ராத்திரி டைல் வெட்டினால் தாராளமாகச் சண்டை போடலாம்.

நம்ம ஊர்ல வருஷத்துல பாதி மழை. எப்பம்தான் கட்டுவாங்க?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு என்று இரண்டும் நமக்கு உண்டு. அஸ்திவாரத்தை ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் முடித்துவிட்டால் பிறகு பெரிய சங்கடம் இல்லை. அந்த வாய்ப்பைத் தவறவிட்ட வேலைதான் குழியில் தண்ணீர் இறைத்தே காலம் கழிக்கும். இறைக்கிற சேற்றுத் தண்ணீரை ஆஸ்பத்திரி ஓடையில் விட்டால் அடுத்த மழைக்கு அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் தண்ணீர் நிற்கும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது மாவட்டம் முழுக்க மரமும் மின்கம்பமும் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அதனால் புயல் அறிவிப்பு வந்ததும் முதலில் தகர ஷீட்டுகளை இறக்குவது, சாரத்தைக் கட்டுவது, ஜெனரேட்டருக்கு டீசல் சேர்ப்பது என்று ஒரு பட்டியல் சைட் ஆபீஸ் சுவரில் இருக்க வேண்டும்.

புதுக் கட்டடத்துக்கு ஆக்சிஜன் லைன் சேர்க்கும்போது பழைய வார்டுல இருக்கிறவங்களுக்கு நின்னுபோகாதா?

என்னைத் தூங்கவிடாத வேலை இதுதான். ஓடுகிற லைனில் புதுக் குழாயைச் சேர்க்க அந்தப் பகுதியை மூடித்தான் ஆக வேண்டும். எந்த வால்வை மூடினால் எந்தக் கட்டில்கள் நிற்கும் என்று முந்தின வாரமே ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். சேர்க்கிற அன்று ஒவ்வொரு கட்டிலுக்கும் நிறைந்த சிலிண்டர், ரெகுலேட்டர், ஸ்பேனர், பக்கத்தில் ஓர் ஆள். சிலிண்டர் இருந்து ஸ்பேனர் இல்லாவிட்டால் அந்த சிலிண்டர் வெறும் இரும்புதான். வென்டிலேட்டர்களை முன்கூட்டியே சிலிண்டருக்கு மாற்றிச் சற்று நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே வால்வை மூடுவோம்.

பற்றவைக்கும்போது செப்புக் குழாய்க்குள் நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே செப்பு ஆக்சைடு கரிபோலப் படிந்து பிறகு நோயாளியின் குழாய்வரைக்கும் வரும். எண்ணெய்க் கை ஆகவே ஆகாது, ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். முடிந்ததும் அழுத்தச் சோதனை, கசிவுச் சோதனை. கடைசியாக ஒவ்வொரு முனையிலும் வருவது ஆக்சிஜன்தானா என்று அனலைசர் வைத்துப் பார்க்க வேண்டும். குழாய் மாறி நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு வந்தால் நோயாளி மூச்சுத் திணறிவிடுவார். நிறம் பார்த்து நம்புவது, பெயர் பார்த்து நம்புவது எதுவும் இங்கே செல்லாது.

தண்ணீர் லைனுக்கு வேறு கவலை. பழைய வார்டுக்குப் போன குழாயை மூடி அப்படியே விட்டால் உள்ளே தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். வெதுவெதுப்பான தண்ணீர் அதற்குப் பிடிக்கும், நம் ஊரில் மேல்நிலைத் தொட்டியே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பயன்படாத குழாயை வேரோடு வெட்டி எடுக்க வேண்டும், புதுக் குழாயைத் திறக்குமுன் குளோரின் போட்டு நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

எக்ஸ்ரே ரூம் சுவரை மட்டும் ஏன் அவ்வளவு கனமா கட்டுறாங்க?

கதிர் வெளியே வராமலிருக்க. குறைந்தது 23 சென்டிமீட்டர் செங்கல் சுவர் அல்லது 1.7 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான தடுப்பு வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் கருவியை ஓட்டக் கூடாது. வரைபட நிலையிலேயே இதைக் கேட்காமல், சுவர் பூசிய பிறகு கேட்கிறவர்கள் திரும்ப உடைக்கிறார்கள். எம்ஆர்ஐ அறைக்கு ஒரு சுவரையே கடைசிவரை கட்டாமல் விட்டு வைப்பார்கள். கருவி கிரேனில் அந்த வழியாகத்தான் உள்ளே வரும், பாதியில் நிற்கிற வேலை என்று நினைக்க வேண்டாம்.

வேலைக்காக ஒரு படிக்கட்டை அடைச்சிட்டாங்க. தீப்பிடிச்சா எப்படி இறங்குறது?

கேட்க வேண்டிய கேள்வி, ஆனால் கேட்கிறவர்கள் குறைவு. ஒரு வெளியேறும் வழியை அடைத்தால் அதற்குப் பதில் வேறொன்றைத் திறந்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். நோயாளியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக வேண்டிய நடைபாதைக்கு 2.4 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்பு. அங்கே சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தால் புகைப்படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்புங்கள்.

2011 டிசம்பரில் கொல்கத்தா ஆம்ரி ஆஸ்பத்திரியில் தீ தொடங்கியது பொருள்கள் குவித்த அடித்தளத்தில். சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் மேல்மாடிகளில் புகையில் மூச்சுமுட்டி. கட்டட வேலை நடக்கிற இடத்தில் வெல்டிங் பொறி, பெயிண்ட், தெர்மாகோல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். வெல்டிங் முடிந்து ஆள் டீ குடிக்கப் போன பிறகுதான் பல தீ புகைய ஆரம்பிக்கும். வேலை நின்று அரை மணி நேரமாவது ஒருவர் அங்கேயே நின்று பார்க்க வேண்டும்.

பெயிண்ட் எல்லாம் அடிச்சு முடிச்சு மாசக்கணக்கா பூட்டிக் கிடக்கு. கமிஷன் தகராறா?

எல்லாம் அப்படி இல்லை. லிஃப்டுக்கு 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மருத்துவ வாயுக் குழாய்ச் சோதனை எல்லாம் வர வேண்டும். ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கு 20 தடவையாவது காற்று முழுவதும் மாற வேண்டும், அதில் நான்கு வெளிக்காற்றாக இருக்க வேண்டும் என்பது தரச்சான்று தருகிறவர்களின் அளவுகோல். ஏசியை நாள்கணக்கில் ஓடவிட்டு அளந்து, கிருமி வளர்கிறதா என்று கல்ச்சர் சோதனை பார்த்துத்தான் முதல் ஆபரேஷன்.

அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு சிக்கல். கட்டடம் பொதுப்பணித்துறை, கருவிகள் மருத்துவப் பணிகள் கழகம், ஆட்களுக்குத் தேர்வு வாரியம் என்று மூன்று கைகள். மூன்றும் ஒரே மாதத்தில் வந்து சேர வேண்டும். சோதனைக்காகச் சில வாரம் பூட்டியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆட்களே போடாமல் வருடக்கணக்கில் பூட்டியிருந்தால் பொறுக்க வேண்டியதில்லை, அது திட்டமிடாத குற்றம்தான்.

பழைய கட்டடத்து மொட்டை மாடியில கம்பி நீட்டி விட்டிருக்கே, அதுமேலேயே இன்னொரு மாடி போட்டா செலவு மிச்சம்தானே?

வீட்டுக்குக் கம்பி விட்டு வைக்கிற நம் வழக்கத்திலிருந்து வருகிற யோசனை இது. முதலில் அஸ்திவாரம் அந்தக் கூடுதல் பாரத்துக்குப் போடப்பட்டதா என்று பழைய கணக்கைத் தேட வேண்டும். கணக்கு இல்லாவிட்டால் தூணில் கோர், அதாவது உருளையாகத் துளைத்தெடுத்த கான்கிரீட் துண்டு, எடுத்துச் சோதிக்க வேண்டும். நீட்டிய கம்பி பல வருட மழையிலும் உப்புக் காற்றிலும் துருப்பிடித்திருக்கும். கடலோரச் சூழலுக்கு இந்தியத் தரவிதியே குறைந்தது எம்30 என்ற பலத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடாக்கும் கேட்கிறது, பழைய கட்டடங்களில் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது.

எல்லாம் சரியாக இருந்தாலும், கீழே நோயாளிகள் இருக்கும்போது மேலே கட்ட மொட்டை மாடித் தளத்தை உடைக்க வேண்டும். உடைத்த அன்றே மழை பெய்தால் கீழ் வார்டு ஒழுகும். சத்தமும் அதிர்வும் நேராகக் கீழே இறங்கும். அதனால் மேல்மாடி வார்டு முழுவதையும் மாதக்கணக்கில் காலி செய்ய வேண்டியிருக்கும். அத்தனை கட்டிலுக்கும் மாற்று இடம் பார்க்கிற செலவைச் சேர்த்தால், மிச்சம் என்று நினைத்தது பல நேரம் மிஞ்சாது.

எங்க அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில வச்சுத்தான் நெஞ்சுல பூஞ்சை வந்தது. கட்டட வேலையாலதான்னு நிரூபிக்க முடியுமா?

நேர்மையான பதில், ஒரே ஒரு நோயாளியை வைத்து நிரூபிப்பது கஷ்டம். தூசிக் கேள்வியில் சொன்னபடி வித்து எங்கும் இருக்கிறது. வீட்டிலேயே உடம்புக்குள் போயிருக்கலாம், எத்தனை நாளில் நோயாகும் என்று நிச்சயமான கணக்கும் இல்லை. ஆனால் வேலை தொடங்கிய பிறகு ஒரே வார்டில் அடுத்தடுத்து ஆட்களுக்கு வந்தால் அது வேறு கதை. அப்போது வேலைக்கு முன்பிருந்த எண்ணிக்கை, டிஷ்யூ பேப்பர் சோதனைப் பதிவு, எந்தத் தேதியில் எந்தச் சுவர் உடைந்தது என்ற டைரி எல்லாம் வேண்டும். இந்தப் பதிவுகள் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுமே எழுதி வைக்கவில்லை என்றால், தடுப்பும் சரியாக நடந்திருக்காது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டில் ஒருவர் கீமோவில் இருக்கிறார், ஸ்டீராய்டு எடுக்கிறார் என்றால் சேர்க்கும்போதே சிஸ்டரிடம் சொல்லி வேலையிடத்திலிருந்து தள்ளிய கட்டில் கேளுங்கள். வேலை நடக்கிற பக்கத்து ஜன்னலைத் திறக்காதீர்கள். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது தடுப்பு ஓரமாக இருக்கிற குறுக்குவழி வேண்டாம், சுற்றிப் போகலாம்.

புதுசுக்கு எல்லாரும் மாறின பிறகு பழையதை ஒரே நாள்ல ஜேசிபி வச்சுத் தட்டிவிடலாமே?

பக்கத்துப் பிளாக்கில் நோயாளிகள் இருக்கும்வரை முடியாது. மொத்த வேலையிலும் அதிகத் தூசி கிளம்புவது இந்தக் கட்டத்தில்தான், எனவே ஷீட் கேள்வியில் சொன்ன காற்றுக் கணக்கு இங்கேயும் பொருந்தும். இடிக்கும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும், பக்கத்து வார்டுகளின் வெளிக்காற்று வாயில்களை வேலை நேரத்தில் மூட வேண்டும்.

அதற்கும் முன்னால் உள்ளே ஒரு சுற்று. பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் நனைத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் அதன் நார் காற்றில் கலக்கும், நுரையீரலுக்கு அது பொல்லாதது. மூலையில் கிடக்கிற மருந்து, ஊசி, பழைய ரசாயன பாட்டில்கள் மருத்துவக் கழிவாகப் போக வேண்டுமே தவிர கட்டட இடிபாட்டோடு கலக்கக் கூடாது. கதிரியக்கக் கருவி இருந்த அறையென்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தெரிவித்துக் கணக்கை முடிக்க வேண்டும். கரண்ட், ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் வெட்டப்பட்டது என்று மூன்று பேர் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஜேசிபிக்கு கேட் திறக்கிறோம்.